நவம்பரில் எப்ப வருவீங்கள்?

ஏப்ரல் பிறந்ததும் ஸ்காபரோவில் ரயர் கடைகளுக்கு முன்னால் கார்கள் வரிசை கட்டத் தொடங்கிவிடும். வின்ரர் ரயரைக் கழற்றுகிற காலம். அந்த நாட்களில் எங்கள் கடையில் நான் ஓயாமல் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "அண்ணை, ஓல் சீசன் போடுறதோ, சமர் பெர்ஃபோமன்ஸ் போடுறதோ?" கேட்பவர் காரின் பெயரைச் சொல்வார், குதிரைவலுவைச் சொல்வார், மச்சானின் காரில் என்ன போட்டிருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்வார். நான் காரைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. "நவம்பரில எப்ப வருவீங்கள்?" என்றுதான் கேட்பேன். ரயர் விலை கேட்க வந்தவரிடம் ஏன் நவம்பரைப் பற்றிக் கேட்கிறேன் என்பதைக் கடையில் நின்று விளக்க நேரம் கிடைப்பதில்லை. இங்கே ஆறுதலாகச் சொல்கிறேன்.

எங்கள் ஊரில் இந்தப் பிரச்சினையே இல்லை. யாழ்ப்பாணத்தில் மார்கழி விடியலில்கூட வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்குவது அருமை. இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் காருக்குப் போடுகிற சாதாரண ரயர், கனடாக் கணக்கில் பார்த்தால், வெயிலுக்குச் செய்த ரயர்தான். காற்று இருக்கிறதா, மொட்டையாகிவிட்டதா என்ற இரண்டு விசயம் தெரிந்தால் அங்கே போதும். இங்கே வந்த பிறகு பனிக்காலம் எங்களை வெருட்டி வின்ரர் ரயரைப் பழக்கிவிட்டது. மிச்ச ஏழு மாதத்துக்கு என்ன போடுவது என்பதை யாரும் சொல்லித் தரவில்லை. 'ஓல் சீசன்' என்று எழுதியிருக்கிறதே, எல்லாக் காலத்துக்கும் அது காணும் என்று நினைத்துக்கொள்கிறோம்.

வீதியை ரயர் எப்படிப் பிடிக்கிறது என்பதிலிருந்து தொடங்கினால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். தார் வீதியைக் குனிந்து பாருங்கள். கண்ணுக்கு மட்டமாகத் தெரிகிற பரப்பில் சின்னச் சின்னக் கல் முனைகள் துருத்திக்கொண்டு நிற்கும். ரயர் உருளும்போது இறப்பர் அந்த முனைகளைச் சுற்றி அமுங்கி, பிறகு நிமிர்கிறது. அமுங்கிய அதே வேகத்தில் துள்ளி நிமிர்கிற இறப்பர் வீதியைப் பிடிக்காது. கொஞ்சம் பிந்தி, மெத்தனமாக நிமிர்கிற இறப்பர்தான் பிடிக்கும். அந்த மெத்தனத்தில் காரின் சக்தி வெப்பமாகக் கரைகிறது. பிரேக்கை அழுத்தியதும் கார் நிற்பதற்கு அதுதான் பெரிய காரணம்.

குளிர்ந்தால் இறப்பர் இறுகும். இன்னும் குளிர்ந்தால் கண்ணாடித் தன்மைக்குப் போய்விடும், கல் முனையைச் சுற்றி அமுங்காது, அதன் மேலே வழுக்கிக்கொண்டு போகும். எத்தனை பாகையில் அது நடக்கும் என்பதைக் கலவை முடிவு செய்கிறது. ஜனவரியில் குசினி அலுமாரியைத் திறந்தால் தேங்காய் எண்ணெய் கட்டியாகிக் கிடக்கும், பக்கத்துப் போத்தலில் நல்லெண்ணெய் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் குளிர் ஒன்றுதான். சமர் ரயருக்கும் ஓல் சீசனுக்கும் வின்ரர் ரயருக்கும் உள்ள முதல் வித்தியாசம் அத்தகையது. ஜூலை வெயிலில் 401 நெடுஞ்சாலையின் தார் 50 பாகையைத் தாண்டிச் சுடும்போது உறுதியாக நின்று பிடிப்பதற்காகச் சமர் ரயரின் கலவை செய்யப்படுகிறது. அதே கலவை குளிரில் சீக்கிரம் இறுகிவிடும். ஓல் சீசனின் கலவை பூச்சியத்தை அண்டியும் வளைந்து கொடுக்கும்படி செய்யப்படுகிறது. வின்ரர் ரயர் கடுங்குளிரிலும் மென்மையாகவே இருக்கும், வெயிலில் கரைந்து போவதுபோலத் தேயும்.

எங்கள் தொழிலில் சொல்கிற எல்லைக்கோடு 7 பாகை. கனடாவின் ரயர், இறப்பர் சங்கமும் அதைத்தான் சொல்கிறது: வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே நிலைக்கத் தொடங்கினால் வின்ரர் ரயருக்கு மாறுங்கள். எட்டுப் பாகையில் நல்ல ரயர், ஆறு பாகையில் கெட்ட ரயர் என்று அர்த்தமில்லை. படிப்படியாகத்தான் பிடி குறையும். ஆனால் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று பார்க்க அது நல்ல அடையாளம்.

இரண்டாவது வித்தியாசம் வெளிப்பட்டையின் அமைப்பில். ஒரு சமர் பெர்ஃபோமன்ஸ் ரயரையும் ஓல் சீசன் ரயரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் தெரியும். சமர் ரயரில் தவாளிப்புகள் அகலமானவை, எண்ணிக்கையில் குறைந்தவை. ஓரத்துக் கட்டிகள் பெரிதாக, வெட்டு விழாமல் முழுசாக இருக்கும். ஓல் சீசனின் கட்டிகள் மேல் மெல்லிய கத்தியால் கீறினதுபோல நிறைய வெட்டுகள். பனியைக் கவ்விப் பிடிப்பதற்கு அந்த வெட்டுகள் வேண்டும். வெயிலில் அவையே பலவீனம். வளைவில் வேகமாகத் திரும்பினால் வெட்டு விழுந்த கட்டிகள் நெளியும். ஸ்ரியரிங்கைத் திருப்பியதற்கும் கார் திரும்புவதற்கும் நடுவில் ஒரு தயக்கம் இருப்பதாகச் சிலர் சொல்வது இதைத்தான்.

இனி, நான் அதிகம் வாதாடுகிற விசயத்துக்கு வருகிறேன். சமர் ரயர் காய்ந்த வீதிக்கு, ஓல் சீசன் மழைக்கு என்று நினைக்கிறவர்கள் ஏராளம். நேர்மாறு. வெப்பமான காலத்து மழையில் நல்ல சமர் பெர்ஃபோமன்ஸ் ரயர்தான் ஓல் சீசனைவிட முந்தி நிற்கும். நனைந்த வீதியில் பிரேக் பிடித்துப் பார்க்கிற சோதனைகளில் இது திரும்பத் திரும்பத் தெரிகிற விசயம். ஹைவே வேகத்தில் நிற்கும் தூரம் மீற்றர் கணக்கில் வித்தியாசப்படும். அந்த மீற்றர்களுக்குள் முன்னால் நிற்கிற காரின் பம்பர் இருக்கலாம். இதற்குக் காரணம் கலவையில் இருக்கிற சிலிக்கா. முன்பு கார்பன் கரிதான் ரயர் இறப்பருக்கு வலுவூட்டும் பொருள். 1992இல் மிஷெலின் நிறுவனம் கரியில் பெரும்பகுதியை எடுத்துவிட்டுச் சிலிக்கா சேர்த்த கார் ரயரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பெற்றோலும் மிச்சம், நனைந்த வீதியில் பிடியும் அதிகம் என்ற இரண்டையும் ஒன்றாகக் கொண்டுவந்த மாற்றம் அது. இன்றைய நல்ல சமர் ரயர் எல்லாம் அந்த வழியில் வந்தவை.

தேங்கி நிற்கிற தண்ணீர் வேறு கதை. ரயர் தண்ணீரின் மேல் மிதக்காமல் இருப்பதற்குத் தவாளிப்பின் ஆழம் வேண்டும். அகலமான சமர் ரயர் பாதி தேய்ந்துவிட்டால் வேகமாகப் போகும்போது மிதக்கத் தொடங்கும், அங்கே கலவை காப்பாற்றாது. ஒன்ராறியோ சட்டம் 1.5 மில்லிமீற்றர் ஆழம் வரை விடுகிறது. மழைக்கு அது போதவே போதாது. 3 மில்லிமீற்றரில் ரயரை மாற்றுங்கள் என்றுதான் நான் சொல்வேன். 2024 ஜூலை 16 அன்று டொன் வலி பார்க்வேயில் கார்கள் வெள்ளத்துக்குள் சிக்கியதை எல்லாரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். அந்த மாதிரித் தண்ணீருக்கு எந்த ரயரும் மருந்தில்லை. வீட்டில் நிற்பதுதான் மருந்து.

அப்படியானால் ஓல் சீசன் எதற்கு வந்தது? 1977இல் அமெரிக்காவில் குட்இயர் நிறுவனம் 'தியெம்போ' என்ற ரயரைக் கொண்டுவந்தது. வருடத்துக்கு இரண்டு தரம் ரயர் மாற்றுகிற அலுப்பிலிருந்து ஆட்களை விடுவிப்பதுதான் அதன் நோக்கம். எப்போதாவது பனி விழுகிற ஊர்களுக்கு அது உண்மையில் நல்ல ஏற்பாடு. வாஷிங்ரன் பக்கத்தில் இருக்கிற ஒருவருக்கு வருடத்தில் சில நாள் பனி. அவர் ஓல் சீசனோடு சமாளித்துவிடலாம். பரிக்கும் சட்பரிக்கும் அது சரிவராது. ரொறன்ரோவுக்கும் சரிவராது என்பதுதான் என் நிலைப்பாடு.

ரயரின் பக்கச் சுவரில் இருக்கிற அடையாளங்களைப் படிக்கப் பழகுங்கள். 'எம்', 'எஸ்' என்ற இரண்டு எழுத்து, நடுவில் கூட்டல் குறி. சேற்றுக்கும் பனிக்கும் என்பது அதன் பொருள். கிட்டத்தட்ட எல்லா ஓல் சீசனிலும் அது இருக்கும். அந்த எழுத்துகளை அச்சிட ரயரைப் பனியில் ஓட்டிப் பார்க்கவேண்டிய அவசியமில்லை. தவாளிப்புகளின் அமைப்பும் அளவும் சரியாக இருந்தால் போதும். அதற்குப் பக்கத்தில் மூன்று சிகரம் உள்ள மலையும் உள்ளே ஒரு பனித்திவலையும் வரைந்திருந்தால் அது வேறு தரம். 1999இல் வந்த அடையாளம் அது. அதைப் பெற, பனியில் இழுவைச் சோதனை செய்து குறித்த அளவைத் தாண்டவேண்டும். கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்ரர் ரயர் கட்டாயம், மலை அடையாளம் இல்லாத ரயரை அங்கே ஏற்கமாட்டார்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவில் எம்-எஸ் எழுத்து இருந்தாலும் விடுகிறார்கள். ஒன்ராறியோவில் கட்டாயமே இல்லை. 2016இலிருந்து வின்ரர் ரயர் போட்டால் காப்புறுதிக் கட்டணத்தில் கழிவு உண்டு, அவ்வளவுதான். உங்கள் ஏஜென்ரிடம் சொல்லியிருக்கிறீர்களா என்று பாருங்கள். சொல்லாமலே கட்டிக்கொண்டிருக்கிறவர்கள் நிறையப் பேர்.

ஓல் சீசன் காலப்போக்கில் என்ன ஆகிறது என்பதை ஒரு ரயர் தானே காட்டித் தருகிறது. கொண்டினென்ரலின் எக்ஸ்ட்ரீம்கொன்ராக்ட் டிடபிள்யூஎஸ் 06 பிளஸ் என்பது நல்ல பெர்ஃபோமன்ஸ் ஓல் சீசன். அதன் வெளிப்பட்டையிலேயே டி, டபிள்யூ, எஸ் என்ற மூன்று எழுத்துகளை வெவ்வேறு ஆழத்தில் செதுக்கியிருக்கிறார்கள். காய்ந்த வீதி, நனைந்த வீதி, பனி. ரயர் தேயத் தேய முதலில் மறைவது எஸ். அதற்குப் பிறகும் ரயர் பார்வைக்கு நல்லாகவே இருக்கும், ஆழம் இருக்கும், சட்டப்படி பிழையில்லை. ஆனால் பனிக்கு அது முடிந்துபோனது. காரை ஹொயிஸ்ற்றில் ஏற்றி, டோர்ச் அடித்து, எஸ் இருந்த இடத்தைக் காரின் சொந்தக்காரருக்குக் காட்டுவேன். சிலர் விரலால் தடவிப் பார்ப்பார்கள், டபிள்யூவின் ஓரம் இன்னும் தட்டுப்படும். எழுத்துச் செதுக்காத மற்ற ஓல் சீசனிலும் இதே கதைதான். காட்டித் தர ஆளில்லை, அவ்வளவுதான்.

சமர் ரயரின் ஆபத்து வேறு மாதிரி. ஒரு ஜனவரியில் ஏஜெக்ஸிலிருந்து ஒரு தம்பி வந்தான். இலையுதிர் காலத்தில் பாவித்த ரெஸ்லா மொடல் 3 பெர்ஃபோமன்ஸ் வாங்கியிருந்தான். அந்த ரகம் பெரும்பாலும் தொழிற்சாலையிலிருந்தே சமர் ரயரோடுதான் வரும். விற்றவரும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. "அண்ணை, கார் ஐஸிலதான் வழுக்குதெண்டு நினைச்சன். காய்ஞ்ச ரோட்டிலயும் வழுக்குது. ரயர் புதுசு மாதிரித்தானே கிடக்கு?" என்றான். உண்மைதான், ஆழம் நிறைய இருந்தது. தவாளிப்பின் அடியில் டோர்ச்சைப் பிடித்தேன். மயிரிழை அகலத்தில் வெடிப்புகள், கட்டி தொடங்குகிற மூலையிலிருந்து குறுக்கே ஓடியிருந்தன. முன் இடது ரயரின் ஓரத்தில் நகத்தளவு துண்டு ஒன்று கழன்றே போயிருந்தது. நகத்தை வைத்து அழுத்தினேன், இறப்பர் கொஞ்சமும் கொடுக்கவில்லை.

குளிர் இறுக்கிய சமர் ரயரை உருட்டினால் இப்படித்தான் வெடிக்கும். மிஷெலின் தன் பைலட் ஸ்போர்ட் 4எஸ் என்ற சமர் ரயரைப் பற்றித் தருகிற எச்சரிக்கையில் கறுப்பு வெள்ளையாக எழுதியிருக்கிறது: சைபருக்குக் கீழே 7 பாகையோ அதைவிடக் குளிரோ பட்ட ரயரை, குறைந்தது 24 மணிநேரம் 5 பாகையளவு சூடான இடத்தில் வைத்த பிறகே காரில் பூட்டவோ, பூட்டிய காரை நகர்த்தவோ வேண்டும். வெடித்தால் உத்தரவாதம் கிடையாது. அந்தத் தம்பிக்கு நாலு ரயரும் போய்விட்டன. காசு போனதைவிட, அதே ரயரோடு அவன் தன் அம்மாவை ஏற்றிக்கொண்டு அந்தக் குளிரில் ஹைவேயில் வந்திருந்ததுதான் எனக்கு நெஞ்சுக்குள் உறுத்தியது. பாவித்த கார் வாங்குகிற எல்லாருக்கும் சொல்கிறேன்: எஞ்சினைப் பார்க்க முன்பு குனிந்து ரயரின் பக்கச் சுவரைப் படியுங்கள். எம்-எஸ் எழுத்தும் இல்லை, மலையும் இல்லை என்றால் அது சமர் ரயர்.

"என்ர கார் நாலு சில்லும் இழுக்கும், எனக்கென்ன?" என்று வருகிறவர்களும் உண்டு. நாலு சில்லு இழுவை காரைக் கிளப்ப உதவும். நிறுத்துவதற்கு எல்லாக் காருக்கும் நாலு சில்லிலும் பிரேக் இருக்கிறது. அங்கே ரயர் ஒன்றுதான் பேசும்.

சரி, யாருக்கு எது? வட அமெரிக்காவில் கடைக்கு வருகிற சமர் ரயர் பெரும்பாலும் பெர்ஃபோமன்ஸ் ரகம்தான். சாதாரணக் குடும்பக் காருக்கு அளவான சமர் ரயர் தேடினால் பல அளவுகளில் கிடைக்காது. கொரொல்லா, ஆர்ஏவி4 வைத்திருக்கிறவர்களுக்கு நல்ல ஓல் சீசனும் ஒரு வின்ரர் செற்றும் போதும். அதில் எனக்குக் குழப்பம் இல்லை. குழப்பம், பாரமும் வலுவும் கூடிய கார்களில்தான்: பிஎம்டபிள்யூ, ஔடி, ரெஸ்லா, சிவிக் டைப் ஆர் மாதிரியானவை. மின்சாரக் கார் பற்றரியின் பாரத்தோடு நிற்கவேண்டும், திரும்பவேண்டும். இந்தக் கார்களுக்கு வின்ரர் செற் ஒன்று ஏற்கெனவே வீட்டில் இருந்தால், கோடையில் ஓல் சீசன் போடுவதை நான் ஆதரிக்கமாட்டேன். பனியில் ஓடப்போவதில்லை என்று தெரிந்த ரயரில் பனிக்கான வெட்டுகளுக்குக் காசு கொடுத்து, அதற்காக ஜூலை மழையில் பிரேக்கை விட்டுக்கொடுப்பது வீண்.

ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. நேரத்துக்கு வரவேண்டும். ரொறன்ரோவில் ஒக்ரோபர் நடுப்பகுதியிலேயே விடியற்காலை வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே இறங்கத் தொடங்கிவிடும். பகல் 14, 15 என்று சிரித்துக்கொண்டிருக்கும். நவம்பரில் பகலே 7ஐத் தொட்டுப் பார்க்கத்தான் போகும். இந்த ஆறு, ஏழு கிழமைதான் சமர் ரயருக்கும் ஓல் சீசனுக்கும் நடுவே தீர்ப்புச் சொல்கிற காலம். முதல் பனி விழுந்த அன்று காலை எங்கள் கடை ரெலிபோன் ஓயாது. அன்றைக்குக் கூப்பிடுகிறவருக்கு இடம் கிடைக்க இரண்டு கிழமை ஆகலாம். ஒக்ரோபர் முடிவில் நாள் குறித்து வைக்கிறவர் சமர் ரயர் போடலாம். முதல் பனிக்குக் காத்திருக்கிறவர் என்ன கார் வைத்திருந்தாலும் ஓல் சீசனோடு இருக்கட்டும்.

நாள் குறிப்பவராக இருந்தாலும் எந்த நேரத்தில் ஓடுகிறவர் என்பதையும் பார்க்கவேண்டும். ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற அக்கா ஒருவர் ஔடி வைத்திருக்கிறார். விடிய ஐந்து மணிக்கு வீட்டை விட்டு வெளிக்கிடுகிறவர். வானொலி சொல்கிற பகல் வெப்பநிலை அவருக்குப் பிரயோசனமில்லை. "அக்கா, நீங்கள் ஓடுற நேரத்தில மூண்டு பாகை. உங்களுக்குச் சமர் ரயர் வேண்டாம்" என்றேன். மிஷெலின் பைலட் ஸ்போர்ட் ஓல் சீசன் 4 போட்டுக் கொடுத்தேன். வீட்டிலிருந்து வேலை செய்து, பத்து மணிக்குப் பிறகு காரை எடுக்கிற அவருடைய கணவருக்கு அதே அளவில் சமர் ரயர். ஒரே வீடு, ஒரே தெரு.

இரண்டு தரம் மாற்ற வசதியே இல்லாதவர்களும் இருக்கிறார்கள். அடுக்குமாடியில் ரயர் வைக்க இடமில்லை, வயதுபோன ஆட்கள், கோயிலுக்கும் கடைக்கும் மட்டும் ஓடுகிறவர்கள். அவர்களுக்கு ஓல் வெதர் என்ற இன்னொரு ரகம் உண்டு. ஓல் சீசன் என்று நினைத்துக் குழம்பவேண்டாம், இதில் மலை அடையாளம் இருக்கும். நோக்கியன் இதில் பழைய கை. மிஷெலின் கிரொஸ்கிளைமேற் 2 நல்லது. வின்ரர் ரயரின் அளவுக்கு ஐஸில் பிடிக்காது, ஆனால் மலை இல்லாத ஓல் சீசனோடு பனிக்காலம் கழிப்பதைவிட எவ்வளவோ மேல்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. பக்கச் சுவரில் தேய்மான எண் ஒன்று இருக்கும். பைலட் ஸ்போர்ட் 4எஸ்ஸில் 300, அதே கொம்பனியின் ஓல் சீசன் 4இல் 540. கொம்பனிகள் தாங்களே போடுகிற எண் என்பதால் ஒரே கொம்பனியின் ரயர்களுக்குள் ஒப்பிட்டுப் பார்க்கத்தான் அது நல்லது. சமர் ரயர் சீக்கிரம் தேயும் என்பது மெய். ஆனால் வருடத்தில் ஐந்து மாதம் அது வீட்டில் படுத்திருக்கும், அந்த நேரம் வின்ரர் ரயர் தேயும். கணக்கைக் கிலோமீற்றரில் பார்க்காமல் வருடத்தில் பார்த்தால் பயந்த அளவுக்கு வித்தியாசம் வராது.

கழற்றிய ரயரை வைக்கிற விதமும் முக்கியம். எது எந்தப் பக்கத்துச் சில்லு என்று சோக்கால் எழுதுங்கள். கழுவி, காயவைத்து, வெயில் படாத இடத்தில் வையுங்கள். பேஸ்மென்ற் இருந்தால் சமர் ரயருக்கு அதுதான் இடம். சூடில்லாத கராஜில் ஜனவரி முழுக்கக் கிடந்த சமர் ரயரை மார்ச்சில் ஒரு வெயில் நாளைக் கண்டதும் தூக்கிப் போட்டு உருட்டவேண்டாம், ஒரு நாள் வீட்டுக்குள் வைத்துச் சூடேறவிடுங்கள். புது செற் பூட்டி 100 கிலோமீற்றர் ஓடியதும் நட்டுகளைத் திரும்ப இறுக்கிப் பார்க்கக் கடைக்கு வாருங்கள். எந்த ஒழுங்கான கடையும் அதற்குக் காசு கேட்காது. வெப்பநிலை 10 பாகை இறங்கினால் ரயரில் ஏறத்தாழ 2 பிஎஸ்ஐ காற்று குறையும் என்பதால், வந்த கையோடு காற்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.